நாற்பத்து நான்கும் பச்சை

ஞாயிறு, மதியம்

கடலில் இருக்கும் என்னவருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். உங்கள் நலம்தான் தினமும் காலை ஆறரைக்கு என் போனில் வந்து விழுகிறதே. கப்பல் கம்பெனிக்காரர்கள் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கப்பல் ஆபீஸ் அறையில் உங்கள் எண்ணை அழுத்தினால் போதும், இங்கே ‘நலமாக இருக்கிறேன்’ என்று வந்துவிடுகிறது. எஞ்சின் அறையில் கை முழுக்க எண்ணெயாக இருக்கும் நாட்களில் சமையல்காரரே உங்களுக்காக அழுத்திவிடுகிறார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நானும் வாண்டுவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படியென்றால் இத்தனை நாள் எனக்கு நலம் சொன்னது அந்தச் சமையல்கார அண்ணாவா? அவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆறு வயதிலேயே பொக்கை வாய். ‘அப்பா வர்றதுக்குள்ள பல்லு வந்துடுமா’ என்று தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பயணத்தோடு நீங்கள் இறங்கிவிடுவதாகத்தானே பேச்சு. எட்டு வருஷம் போதும். பெண் உங்களை போட்டோவில் பார்த்தே வளர்ந்துவிட்டாள்.

அதற்கு என் வேலை நிரந்தரமாக வேண்டும். அது இப்போது ஒரு பிளாஸ்டிக் கருவியின் கையில் இருக்கிறது. விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இது பிடிக்கும்.

பிள்ளைகள் பாடத்தில் ஒன்றுவதில்லை என்று நிர்வாகத்துக்குப் பெரிய கவலை. ஒரு வகுப்பில் மட்டும் புதுமுறையில் நடத்திப் பார்ப்போம் என்று என் ஏழாம் வகுப்பைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு கருவி. உள்ளங்கை அகலம், நான்கு பொத்தான், முதுகில் எண். பிள்ளைகள் அதை ரிமோட் என்கிறார்கள். நான் திரையில் கேள்வி போட்டதும் நாற்பத்து நான்கு பேரும் விடையை அழுத்த வேண்டும். என் கையில் இருக்கும் டேப்பின் சின்னத் திரையில் பிள்ளைக்கு ஒரு கட்டம். அழுத்தினால் பச்சை, அழுத்தாவிட்டால் சிவப்பு. யார் முதலில் சரியாக அழுத்தியது என்று திரையில் பட்டியலும் வரும். படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் கெட்டியான நீலத் துணி போட்டு, விளக்கையும் அணைத்துவிடுகிறோம். சினிமா கொட்டகை தோற்றது போங்கள்.

காலையில் பெயர் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. ‘தயாரா?’ என்று ஒரு கேள்வி போடுவேன். அழுத்தியவர்கள் வந்தவர்கள். ஒன்பதேகாலுக்குப் பெற்றோர் போனுக்கு ‘உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார்’ என்று செய்தி தானாகவே போய்விடும். மாலையில் பிள்ளையின் ஈடுபாடு நூற்றுக்கு எத்தனை, எந்தக் கேள்விக்காவது முதலாவதாக வந்ததா என்றும் போகும். எனக்கு ஏழு நிமிடம் மிச்சம். பதினோரு வருஷமாக ‘உள்ளேன் டீச்சர்’ கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என் வகுப்பு முந்திரிக்கொட்டையைப் பற்றி எழுதியிருக்கிறேனே, லாரி டிரைவரின் மகள், அம்மா இல்லாத பெண், நான் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை எடுத்து வீசுகிறவள். அப்பா வண்டியில் போனால் நாலைந்து நாள் ஆகும். வீட்டில் பேச ஆளில்லை. சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் என் வகுப்பில் கொட்டுவாள். அவள் வாயை மூட என்னால் முடிந்ததே இல்லை, ரிமோட் மூடிவிட்டது. முதல் வாரம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் அழுத்தினாள், பார்க்கச் சிரிப்பாக இருந்தது. இப்போது பழகிவிட்டாள். வகுப்பில் சத்தமே இல்லை.

அவள் பக்கத்தில் உட்காரும் வாயில்லாப்பூச்சி அவளுக்கு நேர்மாறு. ஒரு வருஷமாக அந்தப் பிள்ளையின் குரலை நான் கேட்டதில்லை. ரிமோட் வந்த பிறகுதான் தெரிகிறது, அவளுக்கு எல்லாமே தெரியும்! அவளுடைய இருபத்தாறாம் எண் பட்டியலில் மூன்றாவதாக வந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூச்சம் போகட்டும் என்று அவளை ஏழாம் பெஞ்சுக்குத் தலைவியாக்கியிருக்கிறேன். கதவருகே எண் போட்ட பாக்கெட்டுகளோடு ஒரு துணிப்பை தொங்குகிறது. அதிலிருந்து தன் பெஞ்சின் நாலு ரிமோட்டையும் எடுத்து வந்து கொடுப்பது தலைவியின் வேலை.

பெஞ்சுப் போட்டி என் சொந்த மூளை. பெஞ்சுக்கு நாலு பேர். நாலும் பச்சையானால்தான் புள்ளி. ஒருவர் வராவிட்டாலும் அன்று அந்தப் பெஞ்சுக்கு முட்டை. வாரக் கடைசியில் ஜெயித்த பெஞ்சு, திரையில் என்ன படம் பார்ப்பது என்று முடிவு செய்யலாம். அவ்வளவுதான் பரிசு, அதற்கே உயிரை விடுகிறார்கள். லீவு போடுவது குறைந்துவிட்டது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அடுத்த மாதம் நிர்வாகத்திலிருந்து ஒரு குழு பார்க்க வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் என் நிரந்தர ஆணை வந்துவிடும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தலையில் ஈரத்தோடு காற்றில் நிற்காதீர்கள்.

உங்கள்
வாண்டுவின் அம்மா

*

வியாழன், மாலை

என்னவருக்கு,

குழு வந்தது, பார்த்தது, மயங்கிப் போனது! தலைகால் புரியவில்லை எனக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

ஐந்து பேர் வந்தார்கள். கருவி விற்ற கம்பெனியின் ஆளும் கூடவே வந்து பின்சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரெல்லாம் இந்த வாரம் காய்ச்சல். பக்கத்து வகுப்பில் ஆறு பேர் இல்லை, எட்டாம் வகுப்பில் ஒன்பது பேர் இல்லை. நான் ‘தயாரா?’ என்று போட்டேன். திரையில் ஒவ்வொரு கட்டமாக நிறம் மாறி நாற்பத்து நான்கும் பச்சை! குழுத் தலைவர் எழுந்து நின்று கை தட்டினார். என் வகுப்புக்கு மட்டும் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை, ரிமோட்டைக் கண்டு பயந்துவிட்டது என்று தலைமையாசிரியை சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

பாடம் காந்தம். காந்தத்தை இரண்டாக உடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. முதலில் சரியாக அழுத்தியது யார் தெரியுமா? இருபத்தேழு. நம் முந்திரிக்கொட்டை. ‘சபாஷ்டி முந்திரிக்கொட்டை’ என்று டேப்பைப் பார்த்தபடியே நான் சத்தமாகச் சொன்னேன். வகுப்பு கம்மென்று ஆகிவிட்டது. வழக்கமாக அவளைப் பாராட்டினால் பெஞ்சைத் தட்டுவார்கள். வெளியாட்களைக் கண்ட பயம். வாயில்லாப்பூச்சி மட்டும் இருட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதது போலத் தெரிந்தது. தோழி முதலாவதாக வந்துவிட்டாள், தான் ஒன்பதாவது என்று வருத்தம் போல. போட்டி என்று வந்தால் எல்லாம்தானே.

ஓவிய டீச்சருக்கு என் மேல் எரிச்சல். அவளுக்கு எப்போதுமே இந்தக் கருவிகள் ஆகாது. நேற்று ஆசிரியர் அறையில் ஏதோ குத்தலாகக் கேட்டாள், நானும் டேப்பைக் காட்டி வாயை அடைத்துவிட்டேன். அதை விடுங்கள்.

ஆணை இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்று குழுத் தலைவரே சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் தாராளமாகக் கம்பெனியில் சொல்லிவிடலாம், இந்தப் பயணத்தோடு இறங்குகிறேன் என்று. யோசிக்காதீர்கள். வாண்டுவுக்கு ஒரு பல் முளை விட்டுவிட்டது.

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. துறைமுகம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. காலை ஆறரைக்கு நலம் வந்துவிடுகிறதே, பிறகென்ன.

அடுத்த வருஷம் இந்நேரம் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அந்த ஞாபகத்திலேயே தூங்கப் போகிறேன்.

உங்கள்
வாண்டுவின் அம்மா

*

சனி, காலை

என்னவருக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை. ஆரம்பித்துக் கிழித்தது நாலு கடிதம். இதைக் கிழிக்கப் போவதில்லை, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். முந்திரிக்கொட்டை செத்துப் போய்விட்டாள். போன கடிதத்தை நான் குதித்துக்கொண்டு எழுதினேனே, அன்றைக்கு அவள் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

மூளைக்காய்ச்சல். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தாள், தலைவலியோடு போனாள். அப்பா வண்டியில் வெளியே போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் கீழ்வீட்டு அம்மாதான் அவளை எட்டிப் பார்ப்பது வழக்கம். அந்த வாரம் அவர்களும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். திங்கள் மாலை அப்பா போனில் கூப்பிட்டபோது லேசாகச் சளி, ஒன்றுமில்லை என்றிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை போனை எடுக்கவில்லை. அவள் போனுக்கு சார்ஜர் தகராறு, அடிக்கடி அணைந்துவிடுமாம். அவர் பதறுவதற்குள் ஒன்பதேகாலுக்கு என் செய்தி போய்விட்டது, உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார் என்று. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதே செய்தி. வெள்ளி மாலை வந்து கதவை உடைத்துத்தான் உள்ளே போயிருக்கிறார். புதன்கிழமையே உயிர் போயிருக்கும் என்றும், செவ்வாய்க்கிழமை கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் டாக்டர் சொன்னார்.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். திங்கள் மாலை பள்ளி விட்டுப் போகும்போது அவள் வாயில்லாப்பூச்சியிடம், ‘நாளைக்கு வரலேன்னா என் ரிமோட்டையும் நீயே அமுக்கிடு, நம்ம பெஞ்சு தோக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். தலைவிதானே நாலையும் எடுப்பவள். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்து இரண்டையும் அழுத்தியிருக்கிறது அந்தப் பிள்ளை. எது சரி என்று சந்தேகம் வந்தால் நல்ல பதிலைத் தோழியின் பொத்தானில் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தன் பொத்தானில் போட்டிருக்கிறது. வியாழக்கிழமை இருபத்தேழு முதலாவதாகவும் இருபத்தாறு ஒன்பதாவதாகவும் வந்தது அதனால்தான். புதன் மாலை அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. திறக்கவில்லை. அத்தை வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டது. பன்னிரண்டு வயது. வேறென்ன நினைக்கும்?

அவள் மட்டும் இல்லை. அந்த வாரம் என் வகுப்பில் மொத்தம் நாலு பேர் வரவில்லை. நாலு பேருக்கும் பக்கத்துப் பிள்ளைகள் அழுத்தியிருக்கிறார்கள். பெஞ்சுக்கு முட்டை விழக் கூடாதே. மற்ற மூவரும் வீட்டில் அம்மா அருகில் படுத்திருந்தவர்கள், பிழைத்தார்கள். ஒரு அம்மாவுக்கு மகன் பக்கத்தில் படுத்திருக்கும்போதே அவன் வகுப்பில் இருப்பதாகச் செய்தி போயிருக்கிறது. வருகை குறையாமல் இருந்தால் நல்லதுதானே என்று சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாராம். அவரை நான் என்ன சொல்ல? நாலு காலி இடத்தை வைத்துக்கொண்டு நாற்பத்து நான்கும் பச்சை என்று மார்தட்டியவள் நான். பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து பெரிய மனிதர்களும் திரையைத்தான் பார்த்தார்கள். பிள்ளைகளை ஒருவரும் எண்ணவில்லை.

ஓவிய டீச்சர் குத்தலாக ஏதோ கேட்டாள் என்று எழுதினேனே. என்ன கேட்டாள் என்று இப்போது சொல்கிறேன். ‘எங்கம்மா உங்க முந்திரிக்கொட்டை, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்’ என்றாள். அது புதன்கிழமை மதியம். நான் டேப்பை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, இதோ பாருங்க, பச்சை, ஈடுபாடு தொண்ணூற்றொன்று என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அந்த நேரத்தில் உயிர் இருந்ததோ என்னவோ. டாக்டரிடம் நான் மணிக்கணக்கு கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ரிமோட் வருவதற்கு முன்னால் என்றால் காலை ஒன்பது மணிக்கே எனக்குத் தெரிந்திருக்கும். பெயர் கூப்பிடவே வேண்டாம், அந்த வாய் இல்லாமல் என் வகுப்பு ஐந்து நிமிடம் ஓடியிருக்காது. சத்தம் இல்லையே என்று நானே ஆள் அனுப்பியிருப்பேன். அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டேன் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன், நினைவிருக்கிறதா? அந்தக் கடிதம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பத்தாம் நாள் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். கத்துவார், அடிப்பார் என்று வாசலில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். அவர் கத்தவில்லை. என் எதிரே உட்கார்ந்து போனை மேசையில் வைத்து எட்டுச் செய்திகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார், காலையில் வந்தவை நாலு, மாலையில் வந்தவை நாலு. பிறகு வியாழக்கிழமைச் செய்தியில் விரலை வைத்து, ‘அன்னைக்கு எம் பொண்ணு ஏதோ கேள்விக்கு முதலாவதா வந்தான்னு போட்டிருக்கே, என்ன கேள்வி டீச்சர் அது’ என்று கேட்டார். காந்தம் என்றேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்றார். உடைத்தால் இரண்டு துண்டும் தனித்தனிக் காந்தமாக ஆகிவிடும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் செய்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வழியில் வண்டியை நிறுத்தித் தன்னோடு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். சொல்லிவிட்டுப் போனை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். கம்பெனி ஆளும் இருந்தார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று என் நிரந்தர ஆணை, முத்திரையோடு. இன்னொன்று நான் கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கை. கருவிகள் சரியாகவே வேலை செய்தன. இருபத்தாறாம் எண் மாணவி வேண்டுமென்றே அடுத்தவர் கருவியை இயக்கி ஏமாற்றினாள். அது ஆசிரியைக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கிறேன். ஒரு பக்கம்கூட இல்லை. சுத்தமாக டைப் செய்திருந்தார்கள். உங்க குடும்பத்தையும் யோசிங்க, வீட்டுக்காரர் வரப்போறதா சொன்னீங்களே என்று தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஆட்கள்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். உங்களிடம் கேட்க வேண்டும் என்றேன். எப்படிக் கேட்பது? அன்று மாலை வாயில்லாப்பூச்சியின் வீட்டுக்குப் போனேன். அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்திருந்தது. பத்து நாளாகப் பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை என்று அதன் அம்மா அழுதார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே, ‘நான் அமுக்காம இருந்திருந்தா நீங்க அவளைத் தேடியிருப்பீங்களா டீச்சர்’ என்று கேட்டது. ஒரு வருஷம் கழித்து அந்தக் குரலை முதல் முறையாகக் கேட்கிறேன். கேட்ட கேள்வி அது. தேடியிருப்பேன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, பொய் சொல்ல நா எழவில்லை. ஆனால் அழுத்த வைத்தது நான்தான், தலையை எண்ணாதவளும் நான்தான், உன் மேல் ஒரு துரும்பளவு குற்றம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அது நம்பியதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நானே வேறொரு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். பெஞ்சுப் போட்டி என் யோசனை, பெயர் கூப்பிடுவதை நிறுத்தியது நான், நான்கு நாளில் ஒரு முறைகூட விளக்கைப் போட்டு முகங்களைப் பார்க்கவில்லை, பிள்ளைகள் யார் மேலும் குற்றமில்லை என்று. பிரதி ஒன்றை அவள் அப்பாவிடமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நான் வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆணையை என் கண்ணெதிரே எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். என் அறிக்கை அவள் அப்பா கையிலும் இருக்கும்போது அந்தப் பிள்ளையை நீக்க முடியாது. எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். எட்டு வருஷம் காத்திருந்து, கம்பெனியிலும் சொல்லியிருப்பீர்கள். இறங்க முடியாமல் பண்ணிவிட்டாளே என்று நீங்கள் கோபப்பட்டால் அது நியாயம். திட்டி எழுதுங்கள், நாலு பக்கம் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் திட்டாவது வரட்டும்.

ஏனென்றால் நான் இப்போது காலையில் ஆறு மணிக்கே எழுந்து போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறரைக்கு ‘நலமாக இருக்கிறேன்’ வருகிறது. இன்றும் வந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்ததும் அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விடுவேன். இப்போது அந்த இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்து ஒன்பது வாரம் ஆகிவிட்டது. நடுவில் உங்கள் கப்பல் இரண்டு துறைமுகம் தொட்டிருக்கிறது, கம்பெனியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு இடத்திலும் நீங்கள் எனக்குப் போன் செய்யவில்லை. முந்தாநாள் மறுபடி கம்பெனிக்குப் போன் செய்து, அவரை யாராவது நேரில் பார்த்தார்களா என்று கேட்டேன். அந்தப் பெண் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, ‘கவலையே படாதீங்கம்மா, இன்னிக்குக் காலையிலகூட நலம் போட்டிருக்காரு’ என்றாள். நானும் ஓவிய டீச்சரிடம் இதே குரலில்தான் பேசினேன்.

வாண்டுவுக்கு இரண்டு பல்லும் முளைத்துவிட்டன. தினமும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன். வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், அவள் திரும்பி ‘உள்ளேன் அம்மா’ என்று கத்த வேண்டும். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் வேலையில் முங்கிப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும். எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருங்கள். இனி உங்கள் எண்ணை நீங்களே அழுத்துங்கள், கை எண்ணெயாக இருந்தாலும் பரவாயில்லை. வேறு யாரையும் அழுத்த விடாதீர்கள்.

சமையல்கார அண்ணா, ஒருவேளை இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது நீங்களாக இருந்தால், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், தெரியும். நாளையிலிருந்து அவருக்காக அழுத்தாதீர்கள். ஆறரைக்கு ஒன்றும் வராவிட்டால் வராமல் போகட்டும். நான் ஆள் அனுப்பித் தேட வேண்டும்.

இப்படிக்கு,
அவருடைய வாண்டுவின் அம்மா